தையலுக்கு விட்ட ஐந்து

ஜெயிக்க வழியே இல்லை என்று மற்றவர்கள் கைகழுவிய பிறகு தம்பி ஜெயித்தவை இவை. ஏழாம் மாதத்தில் பிறந்தும் உயிர். ஆறாம் வகுப்பில், முப்பத்தொரு பள்ளிகள் வந்த பொது அறிவுப் போட்டியில் ஒரு சுவர்க் கடிகாரம். அன்று அவன் போட்டிருந்தது அக்கா தைத்த முதல் சட்டை, ஒரு கை முழங்கைக்கு மேலே, மறு கை முழங்கைக்குக் கீழே. இருபத்தோராம் வயதில், நூற்றுப்பத்துப் பேர் வரிசையில் நின்ற ஒரு லிஃப்ட் ஆபரேட்டர் வேலை. அவர்களில் பாதிப் பேர் அவனைவிட அதிகம் படித்தவர்கள். முப்பதில் டைஃபாய்டு. நாற்பத்து நான்கில், தொலைக்காட்சி வினாடி வினாவில் தொடர்ந்து ஒன்பது ஆட்டங்கள். யாராவது கேட்டால் அக்கா இதே வரிசையில் சொல்வாள். எதையும் கூட்டிச் சொல்ல மாட்டாள். பத்தாவது ஆட்டத்தைச் சொல்லாமல் விடவும் மாட்டாள்.

அக்கா டெய்லர். வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேஜை, ஜன்னல் ஓரத்தில் ஒரு பழைய டிவி. தம்பியைவிட எட்டு வயது மூத்தவள். அம்மாவும் அப்பாவும் ஒரே வருடத்தில் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குப் பத்தொன்பது, அவனுக்குப் பதினொன்று. அன்றிலிருந்து கழுத்தில் இஞ்ச் டேப் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் கிடையாது. வாடிக்கைப் பெண்கள் அவள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயரும் 'இஞ்ச் டேப்'தான். அவளுக்குத் தெரியும். பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

துணியை வெட்டுமுன் இரண்டு முறை அளப்பாள். யாரும் பார்க்காவிட்டால் மூன்றாவது முறையும். அளந்த அளவுக்கு மேல் தையலுக்கென்று எப்போதும் கொஞ்சம் உள்ளே விட்டுத்தான் வெட்டுவாள். "ஆள் பெருக்கலாம், துணி சுருங்கலாம், அளவெடுத்த என் கையே தப்பியிருக்கலாம்" என்பாள். கடையில் காஜா போடும் அம்மாள் இருபது வருடமாக அவளோடு இருப்பவள், வாய்த்துடுக்கு அதிகம். "டெய்லரம்மா செத்தா பாடை கட்டுறவன்கிட்டயும் அரை இஞ்ச் விட்டுக் கட்டுன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடும்" என்று ஒருமுறை சொன்னாள். அக்கா சிரிக்கவில்லை. ஆனால் அந்த அரை இஞ்சால் அவள் தைத்த எதுவும் இத்தனை வருடத்தில் இறுக்கிப் பிடிக்கிறது என்று திரும்பி வந்ததில்லை.

தம்பி லிஃப்ட் ஓட்டியது பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில். இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, பித்தளைப் பிடியைத் திருப்பி, மாடியின் தரைக்கும் லிஃப்டின் தரைக்கும் விரலளவு மேடு பள்ளம் இல்லாமல் நிறுத்த வேண்டும். மூலையில் ஒரு ஸ்டூல், தலைக்கு மேல் ஒரு பல்பு. மூன்றாம் மாடியில் வக்கீல்கள், ஐந்தாம் மாடியில் கண் மருத்துவர், ஏழாம் மாடியில் நில வரைபட ஆபீஸ், ஒன்பதாம் மாடியில் தொலைநோக்கிகள் விற்கும் கம்பெனி. யார் எதைப் படித்துவிட்டுப் போட்டாலும் அது ஸ்டூலுக்கு அடியில் போய்விடும். பழைய சட்டப் புத்தகம், கண்ணின் குறுக்குவெட்டுப் படம், கிரகங்களின் அட்டவணை எல்லாம் அங்கே கிடந்தன. ஆள் இல்லாத நேரத்தில் படித்துப் படித்து அவன் தலைக்குள் பன்னிரண்டு மாடியும் குடியேறிவிட்டன.

படித்ததை அவன் கேள்வியாக்கினான். ஏறுகிறவர்களிடம் கேட்பான். இரண்டாம் மாடிக்குப் போகிறவருக்குச் சின்னக் கேள்வி, பன்னிரண்டாம் மாடிக்குப் போகிறவருக்கு நீளமான, கடினமான கேள்வி. இறங்குவதற்கு ஒரு மாடி முன்னால் விடை பிடிபட வேண்டும். அதுதான் அவன் வைத்துக்கொண்ட அளவு. ஏழாம் மாடிக்குப் போகிறவர் ஆறாம் மாடியில் "ஆங்!" என்று கத்தினால் அன்று முழுவதும் அவன் முகத்தில் வெளிச்சம் இருக்கும். விடை தெரியாமல் இறங்கியவர்கள் மாலையில் திரும்பும்போது கெஞ்சுவார்கள். "லிஃப்ட் சார், சொல்லிடுங்க சார், மதியச் சாப்பாடே இறங்கல." இருபத்தொரு வருடம் இப்படிப் போயிற்று.

பிறகு கட்டடத்தில் பொத்தானை அழுத்தினால் தானே போகும் லிஃப்ட் வந்தது. ஸ்டூலை எடுத்துவிட்டார்கள். ஸ்டூலை எடுத்த இடத்தில் ஒரு கண்ணாடி வைத்தார்கள்.

முதல் இரண்டு மாதம் தம்பி வேலை தேடி அலைந்தான். அப்புறம் அலைவதை நிறுத்தினான். அப்புறம் எழுந்திருப்பதையே நிறுத்தினான். உள்ளறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தான். தட்டில் வைத்ததைச் சில நாள் தின்றான், சில நாள் இல்லை. ஒரு நாள் காலையில், "நான் இருந்து என்னக்கா ஆகப்போகுது" என்றான். பசிக்கிறது என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். அன்று மாலையே அக்கா பெரிய கத்தரியைக் காஜா அம்மாளிடம் கொடுத்து, "இது இனிமே உன் வீட்டுல இருக்கட்டும், காலைல வரும்போது கொண்டா" என்றாள். காஜா அம்மாள் ஏன் என்று கேட்கவில்லை. வாய் ஓயாத அவள், உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அதைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இப்படி இரண்டு வருடம்.

டிவியில் தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரு வினாடி வினா. மூன்று பேர் போட்டி. முந்தின நாள் ஜெயித்தவர் மறுநாளும் வருவார். காஜா அம்மாளுக்கு அந்தத் தொகுப்பாளரின் கோட்டு பிடிக்கும் என்பதால் அது ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் தொகுப்பாளர் படித்தார்: "எட்டுக் கைகள் கொண்ட இந்தக் கடல் உயிரினத்துக்கு மூன்று இதயங்கள்." யாரோ ஆக்டோபஸ் என்றார்கள். கைதட்டல். அப்போது உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது. மூன்று வாரமாக அந்தக் குரலை வீட்டில் யாரும் கேட்கவில்லை.

"கேள்விய தலைகீழா எழுதியிருக்கான்."

அக்காவின் கால் மெஷின் மிதியில் நின்றுவிட்டது.

"என்னடா சொன்னே?"

"எட்டுக் கைய முதல்லயே சொல்லிட்டான். அப்புறம் மூணு இதயம் எதுக்கு? கேள்வி முடிஞ்சப்புறமும் பேசிக்கிட்டே இருக்கான். மூணு இதயத்த முன்னால வைக்கணும், எட்டுக் கைய கடைசியில வைக்கணும். தெரிஞ்சவன் முன்னாலயே புடிப்பான். தெரியாதவனுக்குக் கடைசியில ஒரு வழி கெடைக்கும். ரெண்டு பேருக்கும் மரியாதை."

"அடேயப்பா, லிஃப்ட் மேல ஏறுதுடோய்" என்றாள் காஜா அம்மாள். அக்கா அவளைப் பார்வையாலேயே அடக்கினாள்.

மறுநாளிலிருந்து ஆறு மணிக்கு அவனே வந்து வாசற்படியோரம் உட்கார்ந்தான். விடைகளைச் சொல்வதில் அவனுக்கு அக்கறை இல்லை. கேள்விகளைத்தான் பிரித்துப் பார்த்தான். இது சுத்தம், இது வளவள, இதில் விடை வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது, இதில் ஒரு சொல் வெறும் ஜரிகை. நல்ல கேள்வி வந்தால் எழுதியவர் எதிரில் நிற்பதுபோலத் தலையாட்டுவான். அந்த நிகழ்ச்சியின் முடிவில் ஒரு அறிவிப்பு வரும்: தொடர்ந்து பத்து ஆட்டங்கள் ஜெயிப்பவருக்கு நிலையத்தின் கேள்வி அறையில் நிரந்தர வேலை. கேள்வி எழுதும் வேலை. ஒருமுறை தோற்றவர் மறுபடி விண்ணப்பிக்க முடியாது. அதுவரை எட்டு ஆட்டத்துக்கு மேல் யாரும் தாண்டவில்லை.

அக்கா படிவம் வாங்கி வந்தாள். அவளே பூர்த்தி செய்து, அவளே தபாலில் போட்டாள். தேர்வுக்கு அழைத்தார்கள். ஐம்பது கேள்வி. நாற்பத்தொன்பதுக்குச் சரியான விடை எழுதிவிட்டு, ஐம்பதாவதின் எதிரே 'இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் பொருந்துகின்றன' என்று அந்த இரண்டையும் எழுதி வைத்திருந்தான். தேர்வு அறை அதிகாரி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அரை மணி நேரம் வரவில்லை. வந்தபோது, "நீங்க வரணும் சார்" என்று மட்டும் சொன்னார்.

கேள்வி அவன் பக்கம். பந்தயம்தான் அவன் பக்கம் இல்லை.

அந்த ஆட்டத்தின் கடைசியில் ஒரே ஒரு கேள்வி உண்டு. முதலில் தலைப்பை மட்டும் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு, கையில் இருக்கும் புள்ளிகளில் எவ்வளவை வைத்து ஆடுவது என்று ஒவ்வொருவரும் மறைத்து எழுத வேண்டும். பிறகுதான் கேள்வி. விடை சரியென்றால் வைத்தது கூடும், தப்பென்றால் கழியும். தம்பி வீட்டில் ஆடிப் பார்த்தபோது மனம்போல வைத்தான். பிடித்த தலைப்பு என்றால் அள்ளி வைப்பான். பிடிக்காததென்றால் ஒன்று, இரண்டு. அள்ளி வைத்தே நான்கு முறை தோற்றான்.

"இது அறிவு இல்லடா, அளவு. இத எங்கிட்ட விடு" என்றாள் அக்கா.

எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் ஒரு மாதம் டிவி எதிரே உட்கார்ந்து முப்பது ஆட்டங்களின் புள்ளிகளை நோட்டில் குறித்து, முன்னால் நிற்பவன் என்ன வைக்க வேண்டும் என்று தானே கண்டுபிடித்தாள். இரண்டாவது ஆள் தன்னிடம் உள்ளதை எல்லாம் வைத்து ஜெயித்தால் அவன் புள்ளி இரண்டு மடங்காகும். அதைவிட ஒன்று அதிகம் வருகிற மாதிரி நாம் வைத்தால், விடை சரியாக இருக்கும்வரை நம்மை யாரும் தொட முடியாது. டிவியில் ஜெயித்தவர்கள் பலரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. அக்கா முடிக்கவில்லை.

"அதுக்கு மேல அஞ்சு சேர்த்துக்கோ."

"எதுக்குக்கா? ஒண்ணு போதுமே."

"கழிக்கிறதுல தப்பிடலாம், அவங்க புள்ளிய தப்பா போட்டிருக்கலாம். தையலுக்கு விடுற மாதிரி வச்சுக்கோ. விடை சரின்னா அஞ்சு கூட இருந்தா என்ன, தப்புன்னா எப்படியும் தோக்கத்தானே போறே, அஞ்சு கூடக் கழிஞ்சா என்ன?"

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்புறம், "சரிக்கா" என்றான்.

ஒரு நாளைக்கு மூன்று ஆட்டம் என்று பதிவு செய்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வேறு சட்டை வேண்டும்; பத்துச் சட்டையும் அக்கா தைத்தது. மூன்றாம் வரிசையில், விளக்கின் சூடு முகத்தில் அடிக்கிற இடத்தில் அவள் உட்கார்ந்திருப்பாள். தொகுப்பாளர் முதல் நாளே அவனை "லிஃப்ட் சார்" என்று கூப்பிட ஆரம்பித்தார், பார்வையாளர்களும் பிடித்துக்கொண்டார்கள். கேள்வி பாதி படிக்கும்போதே அவன் விரல் பொத்தானில் இருக்கும். எழுதியவர் எதைச் சொல்லாமல் ஒளிக்கிறார் என்று பார்ப்பான். ஒளித்த இடத்தில்தான் விடை இருக்கும்.

நான்காவது ஆட்டத்தில் அது நடந்தது. எல்லாம் முடிந்து அவன் ஆறு புள்ளியில் ஜெயித்து நிற்கும்போது, நடுவர்கள் கூடிப் பேசி, எதிரி முன்பு சொன்ன ஒரு விடை சரிதான் என்று மூன்று புள்ளி கொடுத்தார்கள். ஒன்றில் ஜெயித்திருந்தால் அத்தோடு போயிருக்கும். ஆறில் மூன்று போய் மூன்று மிஞ்சியது. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அக்கா அவன் தோளில் குத்தினாள்.

"பார்த்தியா? தையலுக்கு விட்டது."

"உன்ன மிஞ்ச முடியுமா" என்று சிரித்தான். பஸ்ஸில் நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தான். அக்கா அன்றுதான் இரண்டு வருடத்துக்குப் பிறகு முழுசாகத் தூங்கினாள். அந்த ஐந்தைப் பற்றி இருவரும் அப்புறம் பேசவே இல்லை. அது சட்டம் ஆகிவிட்டது.

ஒன்பதாவது ஆட்டமும் ஜெயித்த மாலையில் கேள்வி அறையைக் காட்டினார்கள். நீளமான மேஜை, சுவர் முழுக்க அகராதிகளும் அட்லஸ்களும், நான்கு நாற்காலிகள். ஒன்று காலி. தம்பி உட்காரவில்லை, முதுகுச் சட்டத்தைத் தொட்டுப் பார்த்தான். வீட்டுக்கு வந்ததும் காஜா அம்மாளிடம், "ஜன்னல் பக்கம்" என்றான். "வெளிச்சம் நல்லா வருது."

"அப்போ நாளைலேருந்து அந்தக் கத்தரிய இங்கேயே விட்டுட்டுப் போகவா டெய்லரம்மா?" என்று அவள் அக்காவின் காதில் கேட்டாள்.

"நாளைக்கு முடியட்டும்" என்றாள் அக்கா.

பத்தாவது ஆட்டம் மறுநாள் காலை பத்தரைக்கு. எதிரில் ஒரு மருந்துக் கடைக்காரரும் ஒரு பல் டாக்டர் அம்மாவும். கடைக்காரர் விடாக்கண்டர். பல் டாக்டர் அதிகம் பேசவில்லை, தெரிந்ததற்கு மட்டும் பொத்தானை அழுத்தினார். கடைசிக் கேள்விக்கு முன்னால் பலகையில் தம்பி நூற்று நாற்பது, மருந்துக் கடைக்காரர் தொண்ணூற்றைந்து, பல் டாக்டர் எண்பத்தாறு. தலைப்பு: கிரகங்கள்.

அக்காவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒன்பதாம் மாடித் தொலைநோக்கிக் கம்பெனியின் அட்டவணையை அவன் தூக்கத்தில்கூடச் சொல்வான். தொண்ணூற்றைந்தின் இரண்டு மடங்கு நூற்றுத் தொண்ணூறு. தாண்ட வேண்டியது ஐம்பத்தொன்று. தையலுக்கு ஐந்து. ஐம்பத்தாறு. அவள் தொடையின் மேல் விரலால் எழுதிப் பார்த்தாள்.

பந்தயம் எழுத இரண்டு நிமிடம். மற்ற இருவரும் எழுதிவிட்டார்கள். தம்பி பென்சிலைப் பிடித்தபடி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். தன்னுடையதை அல்ல, பல் டாக்டருடையதை. இவன் ஏன் மூன்றாவது ஆளைப் பார்க்கிறான் என்று அக்கா நினைத்தாள். அவளுடைய நோட்டில் மூன்றாவது ஆளுக்குக் கட்டமே இல்லை. பிறகு அவன் திரும்பி மூன்றாம் வரிசையில் அவளைத் தேடினான். அவள் தைரியமாக இரு என்பதுபோலத் தலையை ஆட்டினாள். அவன் குனிந்து எழுதினான்.

தொகுப்பாளர் படித்தார்: "இந்தக் கிரகம் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ள எடுக்கும் காலம், சூரியனை ஒருமுறை சுற்றிவர எடுக்கும் காலத்தைவிட அதிகம்."

முப்பது நொடி. இசை. தம்பியின் கண் இன்னும் பந்தயத் தாளின் மேலேயே இருந்தது. இருபது நொடி தாண்டித்தான் எழுதினான்.

பல் டாக்டரின் விடை சனி. தப்பு. பந்தயம் பூஜ்யம், எண்பத்தாறு அப்படியே நின்றது. மருந்துக் கடைக்காரரின் விடை வியாழன். தப்பு. இருந்ததை எல்லாம் வைத்திருந்தார், வெறுங்கையானார்.

"லிஃப்ட் சார், உங்க விடை... புதன். சரியான விடை வெள்ளி. ஆனா ஆட்டம் இன்னும் முடியல! நீங்க ஐம்பத்து மூணு வரைக்கும் வச்சிருந்தாலும் பத்தாவது ஆட்டம் உங்களுதுதான். எவ்வளவு வச்சிருக்கீங்க?"

தாள் திரும்பியது. ஐம்பத்தாறு. மிச்சம் எண்பத்து நான்கு, பல் டாக்டரைவிட இரண்டு குறைவு.

அரங்கமே "அய்யோ" என்றது. அக்கா கழுத்தில் கிடந்த டேப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பின்கட்டு வராந்தாவில் ஒரு பெஞ்ச். தம்பி அங்கே உட்கார்ந்திருந்தான். கையில் கடைசிக் கேள்வியின் அட்டை; ஞாபகத்துக்கு என்று கொடுப்பார்களாம். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல் எண்தான்.

"எண்பத்தொன்பது வந்திருக்கும்டா. அம்பத்தொண்ணு வச்சிருந்தா."

"ம்."

"தப்பா சொன்னாலும் ஜெயிச்சிருப்பே."

"ம்."

"உனக்குத் தெரியுமா?"

அவன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். "எழுதறப்போ தெரியும். அந்தம்மா ஒண்ணும் வைக்காதுன்னு மூஞ்சியிலேயே இருந்துச்சு."

"தெரிஞ்சும் ஏன்டா?"

"நீ சொன்னியேக்கா."

அதில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். திட்டினால் திருப்பித் திட்டலாம், அழுதால் சேர்ந்து அழலாம். அவன் நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னான். கட்டிலில் படுத்துக்கொண்டு பேசும் அதே குரல் அவனுக்குத் திரும்பி வந்துவிட்டதை அவள் கேட்டாள். இரண்டு நிமிடத்தில் அவன் மனத்துக்குள் ஐம்பத்தொன்றும் ஐம்பத்தாறும் அடித்துக்கொண்டதும், கேள்வி படிக்கப்பட்டபோது காது இங்கே, மனம் அந்த ஐந்தின் மேல் இருந்ததும் அவளுக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. பந்தயத்தை மட்டும் அல்ல, விடையையும் அவளுடைய ஐந்துதான் தின்றிருக்கிறது.

காதில் ஹெட்போன் மாட்டிய நிலையத்துப் பெண் ஒருத்தி இரண்டு காகிதங்களோடு வந்தாள். ஐம்பது வயதிருக்கும். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சார், ரெண்டுல ஒண்ணுதான். இது முடிவ ஏத்துக்கறேன்னு. இது ஆட்சேபம். கேள்வியில குறைன்னு எழுதிக் கொடுத்தா நடுவர்கள் பார்ப்பாங்க. ஏத்துக்கிட்டா கடைசிக் கேள்விய மட்டும் புதுசா வைப்பாங்க, பந்தயமும் புதுசு. பத்து நிமிஷம்தான் டைம்." சுற்றிப் பார்த்தாள். "புதன்ல ஒரு உதயத்துக்கும் அடுத்த உதயத்துக்கும் நடுவுல அதோட ரெண்டு வருஷம் ஓடிடுமாமே? அத எழுதுங்க. நாள் வருஷத்தவிடப் பெருசுன்னா புதனும் பொருந்துதுல்ல. நடுவர்களுக்கும் உங்களப் பிடிக்கும். உங்களத் தோக்க விட இங்க யாருக்கும் மனசில்ல சார்."

அக்கா அந்தக் காகிதத்தைப் பறித்துக்கொண்டாள். "எழுதுடா. ஏன் பார்க்கறே, எழுது."

தம்பி அட்டையை அவள் பக்கம் நீட்டி ஒரு வரியின் கீழ் விரலை ஓட்டினான்.

"இங்க நாள்னு எங்கக்கா இருக்கு? தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ளன்னு இருக்கு. புதன் அம்பத்தொம்பது நாள்ல சுத்திடும், அதோட வருஷம் எண்பத்தெட்டு. வெள்ளிக்குத்தான் சுத்தறது இருநூத்து நாப்பத்து மூணு, வருஷம் இருநூத்து இருபத்தஞ்சு. உதயம் கிதயம்னு குழப்பக் கூடாதுன்னுதான் எழுதினவங்க நாள்ங்கற சொல்லையே தொடல. ரொம்ப சுத்தமான கேள்விக்கா. நான்தான் கேக்கல."

"சுத்தமோ அசுத்தமோ, இப்ப அதுவா பேச்சு?"

"நானா இருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்."

"டேய், உன் கால்ல விழறேன்டா." அவள் குரல் வராந்தாவில் எதிரொலித்தது. "இந்த ஒரு தடவை. அஞ்சு என் தப்பு. என் தப்ப நான் எங்க போய்க் கழுவுவேன்? எழுதிக் குடு. புதுசா வைக்கட்டும். நான் வாயே திறக்க மாட்டேன், பந்தயம் நீயே வச்சுக்கோ."

"நல்ல கேள்விய குறைன்னு சொல்லி உள்ள போனா, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த நாற்காலியில உட்கார்ந்து எழுதறதுக்கா?"

"போகாட்டி மட்டும்? வீட்டுக்கு வந்து என்ன பண்ணுவே? சொல்லு. என்ன பண்ணுவே?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், விடை தெரிந்தால் சொல்லிவிடுகிறவன் அவன்.

"தெரியலக்கா" என்றான்.

ஹெட்போன் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு முடிவை ஏற்கும் காகிதத்தைப் பெஞ்சில் வைத்து, பேனாவையும் வைத்தாள். அதில் மூன்றே வரி: ஆட்டத்தின் முடிவு சரியானது. கேள்விகளில் குறை இல்லை. இனி இந்தப் போட்டிக்கு விண்ணப்பிக்க மாட்டேன்.

பேனாவை எடுத்தது அக்காதான். பழக்கம். அவனுடைய பள்ளி ரிப்போர்ட் கார்டு தொடங்கி வாடகைப் பத்திரம், ஆஸ்பத்திரிச் சீட்டு, இந்தப் போட்டியின் விண்ணப்பம் வரை அவனுக்காக வந்த எல்லாக் காகிதத்திலும் அவள்தான் அவன் பெயரைப் போட்டிருந்தாள். லிஃப்ட் ஓட்டிய கட்டடத்தில் வேலையாட்கள் எல்லோரும் சம்பளத்துக்குக் கட்டைவிரல்தான் வைத்தார்கள். அவனுக்குக் கையெழுத்து என்று ஒன்று தேவைப்பட்டதே இல்லை; இருக்கிறதா என்று அவள் கேட்டதும் இல்லை. பேனா கோட்டுக்கு மேலேயே நின்றது. போட முடியாது. போட்டால் எல்லாம் முடிந்தது. போடாமல் பத்து நிமிடத்தைத் தாண்டினாலும் முடிந்ததுதான்.

தம்பி அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, வலிக்காமல், பேனாவை எடுத்துக்கொண்டான்.

அந்த மூன்று வரிக்குக் கீழே தன் பெயரை எழுத்தெழுத்தாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, லிஃப்டைத் தரைக்குச் சமமாக நிறுத்துகிற கவனத்தோடு, கோட்டுக்கு மேலும் போகாமல் கீழும் போகாமல் எழுதினான். எழுதி முடித்ததும் ஹெட்போன் பெண், "தேதியும் போடுங்க சார்" என்றாள். அவனுக்கு அன்றைய தேதி தெரியவில்லை. அக்காவைப் பார்த்தான். அவள்தான் சொன்னாள், அவன் எழுதினான்: பதினேழு, மார்ச், இரண்டாயிரத்துப் பதினொன்று.